எட்டாம் மெட்டைத் தாண்டிய பிறகு: லூட் டேப்லேச்சரில் கே, எல், எக்ஸ்

லூட் என்பது வீணைபோல் மெட்டுகள் கொண்ட பழைய ஐரோப்பியத் தந்திக்கருவி; எந்தத் தந்தியில் எந்த மெட்டு என்று காட்டும் அதன் குறிப்பு முறையே டேப்லேச்சர். பிரெஞ்சு லூட் டேப்லேச்சரில் ‘கே’ என்றால் 9ஆம் மெட்டு. 10 இல்லை. இதை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் மேல்மெட்டுகள் தரும் தலைவலியில் பாதி குறையும். மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். கிட்டார்காரர்கள் ஃபிரெட் என்பதை, வீணைக்காரர்கள் சொல்வதுபோல் மெட்டு என்றே எழுதுகிறேன். மறுமலர்ச்சிக் கால லூட்டில் மிக மெல்லிய தந்தி பெரும்பாலும் ஒற்றையாக இருக்கும். மற்றவை இரண்டிரண்டாகக் கட்டப்பட்டிருக்கும். ஒவ்வோர் இரட்டையையும் ஒரே தந்தியாகவே எண்ண வேண்டும். மெல்லியது 1ஆம் தந்தி, தடித்தது 6ஆம் தந்தி. பக்கத்துப் பக்கத்துத் தந்திகளுக்கு நடுவே 5 மெட்டு இடைவெளி, அதாவது ச–ம1. 3ஆம் தந்திக்கும் 4ஆம் தந்திக்கும் நடுவே மட்டும் 4 மெட்டு, ச–க3.

ஐரோப்பியச் சுரங்களின் பெயர்களும் எழுத்துகள், மெட்டுகளின் பெயர்களும் எழுத்துகள். இரண்டையும் ஒரே பத்தியில் போட்டால் ‘ஜி’ என்பது சுரமா, 6ஆம் மெட்டா என்று புரியாமல் போகும். அதனால் 1ஆம் தந்தியை மெட்டில் வைக்காமல் மீட்டினால் வரும் ஒலியை ச என்று வைத்துக்கொள்வோம். அப்போது 7ஆம் மெட்டு ப, 8 த1, 9 த2, 10 நி2, 11 நி3, 12 மேல் ச. வீணையின் முதல் தந்தியில் எண்ணுவது போலவேதான். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைப் பக்கம் வீணை வகுப்புக்குப் போனவர்கள் இந்த இடத்தில் மேற்கத்திய இசை படித்தவர்களைவிட வேகமாக ஓடுவார்கள்.

ஆனால் அவர்களுக்கென்றே ஒரு பள்ளமும் காத்திருக்கிறது. நம் சுரக் குறிப்பில் எழுத்துக்கு மேல் புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி. டேப்லேச்சரில் ஸ்தாயி என்ற பேச்சே கிடையாது. எந்தச் சுரம் என்று அது சொல்வதில்லை. எந்தத் தந்தியில் எந்த மெட்டு என்று மட்டும்தான் சொல்கிறது. அங்கே புள்ளி வந்தால் அதன் வேலை வேறு. இத்தாலிய முறைக்கு வரும்போது அதைப் பார்ப்போம்.

பிரெஞ்சு முறையில் தந்திக்கு ஒரு கோடு, மேல்கோடு 1ஆம் தந்தி; கோட்டில் வரும் எழுத்து மெட்டைச் சொல்லும். திறந்த தந்தி, அதாவது எந்த மெட்டிலும் அமுக்காதது, ‘ஏ’. 1ஆம் மெட்டு ‘பி’, 2 ‘சி’, 3 ‘டி’, 4 ‘இ’, 5 ‘எஃப்’, 6 ‘ஜி’, 7 ‘எச்’, 8 ‘ஐ’. அடுத்து ‘ஜே’ வராது. அந்தக் காலத்தில் ‘ஐ’யும் ‘ஜே’யும் ஒரே எழுத்தின் இரண்டு வடிவங்கள், தனித்தனி எழுத்துகளாக எண்ணும் வழக்கம் இல்லை. ஆகவே 9 ‘கே’, 10 ‘எல்’, 11 ‘எம்’, 12 ‘என்’. இன்றைய அகரவரிசையில் விரல்விட்டு எண்ணுகிறவர்கள் ‘ஐ’ வரை சரியாக வருவார்கள். ‘கே’யிலிருந்து எல்லாம் ஒரு மெட்டு ஏறிவிடும்.

இந்தப் பிழைக்கு ஓர் அடையாளம் உண்டு. 1ஆம் தந்தியில் ‘எச், கே, எல், என்’ என்று ஓர் ஓட்டம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாகப் படித்தால் 7, 9, 10, 12: ப, த2, நி2, மேல் ச. கரகரப்பிரியாவின் மேல்பாதி, வழுக்கிக்கொண்டு போகும். ‘ஜே’யைச் சேர்த்து எண்ணினால் 7, 10, 11, 13: ப, நி2, நி3, மேல் ரி1. ‘எச்’சுக்கும் ‘கே’க்கும் நடுவில் த காணாமல் போய் ஒரு தாவல், அதன்பின் ஒட்டிக்கொண்டு வரும் இரண்டு நி. விரிசல் எப்போதும் ‘ஐ’க்கும் ‘கே’க்கும் நடுவில்தான் விழும். வாசிக்கும்போது அந்த எல்லையைக் கடக்கும் இடங்களில் மட்டும் இசை இடறுகிறது என்றால் அச்சுப் பிழையைத் தேட வேண்டாம்; உங்கள் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். ஓட்டம் முழுவதும் ‘கே’க்கு மேலேயே இருந்தால் விரிசல் தெரியாது. மொத்தமாக அரைச்சுரம், அதாவது ஒரு மெட்டு, ஏறி நிற்கும், தனியாக வாசித்தால் அழகாகவும் இருக்கும். கீழே உள்ள தடித்த பாஸ் தந்தியோடு சேர்த்து மீட்டினால்தான் குட்டு உடையும்.

மேல்மெட்டுகளில் சந்தேகம் வந்தால் எழுத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. ஒலிக்கும் சுரத்துக்கும் எதிர்பார்க்கும் சுரத்துக்கும் எத்தனை மெட்டு வித்தியாசம் என்று முதலில் எண்ண வேண்டும். பிழை எங்கிருந்து வந்தது என்பதை அந்த எண்ணே பெரும்பாலும் சொல்லிவிடும். 1 என்றால் எண்ணிக்கை அல்லது பக்கத்து எழுத்து. 4 அல்லது 5 என்றால் எழுத்து வேறு கோட்டில் விழுந்திருக்கிறது. மற்ற எண்கள் வரும் இடங்களில் சொல்கிறேன்.

கோட்டுப் பிழை மேல்மெட்டுகளில் அதிகம் தெரிவதற்கு எழுத்துகளின் உருவமே ஒரு காரணம். ‘எச்’, ‘கே’, ‘எல்’ மூன்றின் சிறிய வடிவத்திலும் ஒரு நீண்ட கொம்பு மேலே எழும்பும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் கொம்பு மேல் கோட்டை வெட்டிக்கொண்டு போகும். கண் கொம்பைப் பார்த்து ‘இது 1ஆம் தந்தி’ என்று முடிவுகட்டிவிடும். எழுத்தின் வயிறோ 2ஆம் தந்தியில் கிடக்கும். கொம்பை மறந்துவிட்டு, எழுத்தின் அடிப்பகுதி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எழுத்துகளைக் கோட்டின் மேலேயே குத்தி எழுதுகிறார்களா, கோட்டுக்குச் சற்று மேலே உள்ள இடைவெளியில் உட்கார வைக்கிறார்களா என்பதையும் பக்கத்தின் தொடக்கத்திலேயே, சந்தேகமில்லாத ‘ஏ’க்களைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கோடுகளின் எண்ணிக்கையும் எப்போதும் ஆறு இல்லை. பாரிஸில் அத்தேஞ்ஞான் 1529இல் வெளியிட்ட லூட் நூலில் ஐந்தே கோடுகள். 6ஆம் தந்தி கோடுகளுக்குக் கீழே எழுதப்படும். பிற்கால ஆறு கோட்டு நூல்களில் கோடுகளுக்குக் கீழே வருவது பிற்காலத்தில் கூடுதலாகச் சேர்ந்த 7ஆம் தந்தி, அதற்கும் கீழே சாய்கோடு போட்ட ‘ஏ’க்கள் 8, 9, 10ஆம் தந்திகள். நம் தலைப்போடு இதற்கு நேரடித் தொடர்பில்லை. ஆனாலும் பாஸ் தவறினால் மேல்மெட்டைச் சரிபார்க்க அளவுகோலே இல்லாமல் போகும்.

‘ஆர்’ போன்ற ஓர் எழுத்து கண்ணில் பட்டால் பயப்பட வேண்டாம். அது ‘சி’, 2ஆம் மெட்டு. ‘இ’யோடு குழம்பாமல் இருக்க அப்படி வளைத்து எழுதினார்கள். உண்மையிலேயே ‘ஆர்’ என்று எண்ணினால் 16ஆம் மெட்டு வரும். அந்த இடத்தில் லூட்டின் ஒலித்துளை அலங்காரம் கிட்டத்தட்டத் தொடங்கிவிடும்.

அடுத்து, மேல்மெட்டு எந்தத் தந்தியில் வருகிறது என்று பாருங்கள். 1ஆம் தந்தியின் 9ஆம் மெட்டில் கிடைக்கும் சுரத்துக்கு லூட்டில் வேறு வசதியான இடமே இல்லை. 2ஆம் தந்தியில் எடுக்க வேண்டுமானால் 14ஆம் மெட்டுக்குப் போக வேண்டும். ஆகவே 1ஆம் தந்தியில் ‘கே’ இருப்பது இயல்பு. சந்தேகம் வந்தால் எழுத்தைச் சந்தேகியுங்கள். 2ஆம் தந்தியில் ‘கே’ இருந்தால் கதை வேறு. அதே சுரம் 1ஆம் தந்தியில் ‘இ’யாகவே கிடைக்கும், 4ஆம் மெட்டில். 4ஆம் தந்தியின் ‘கே’, 3ஆம் தந்தியின் ‘எஃப்’. இவ்வளவு சுலபமான இடத்தை விட்டுவிட்டு ஒருவர் உள் தந்தியில் மேலே ஏறினார் என்றால், கை அந்தச் சமயத்தில் ஏற்கெனவே மேலே இருந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் உள்ள எழுத்துகள் ‘பி’, ‘சி’, ‘டி’ என்று கீழ்ப்பக்கம் இருந்து, நடுவில் ஒரே ஒரு ‘கே’ மட்டும் 2ஆம் தந்தியில் துருத்திக்கொண்டு நின்றால், கோடு மாறியிருக்கிறது என்பதே என் முதல் ஊகம். ஒரு கோடு மேலே ஏற்றி வாசித்துப் பாருங்கள். பல இடங்களில் அங்கேயே சரியாகிவிடும். தடித்த குடல்நரம்புத் தந்திகள் மேல்மெட்டில் மந்தமாகவும் சுருதி விலகியும் ஒலிக்கும் என்பதால் 5, 6ஆம் தந்திகளில் ‘கே’, ‘எல்’ எழுதத் தேர்ந்த கைகள் தயங்கும்.

கை எட்டுமா என்ற சோதனையைச் செய்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: மேலே போகப் போக மெட்டுகள் நெருங்கும். குதிரையிலிருந்து மேல்தாங்கி (கழுத்தின் முனையில் தந்திகளைத் தாங்கும் கட்டை) வரை 60 செ.மீ. நீளமுள்ள லூட்டில், மேல்தாங்கியிலிருந்து 1ஆம் மெட்டு 3.4 செ.மீ. தள்ளி இருக்கும். 7ஆம் மெட்டு 20 செ.மீ., 8ஆம் மெட்டு 22.2, 9ஆம் மெட்டு 24.3, 10ஆம் மெட்டு 26.3, 11ஆம் மெட்டு 28.2, 12ஆம் மெட்டு சரியாக நடுவில் 30. ஒரே கூட்டொலியில் (சேர்ந்து மீட்டும் சுரங்களில்) 4ஆம் மெட்டும் 9ஆம் மெட்டும் வந்தால் தாளில் ஐந்து மெட்டு இடைவெளி தெரியும், ‘இது நடக்காது’ என்று தோன்றும். அளந்தால் 11.9 செ.மீ. 1ஆம் மெட்டிலிருந்து 5ஆம் மெட்டு வரை 11.7 செ.மீ. பின்னதை லூட் வாசிப்பவர்கள் முனகிக்கொண்டாவது பிடிக்கிறார்கள். எனவே எழுத்துகளின் இடைவெளியை வைத்து மட்டும் ‘அச்சுப் பிழை’ என்று திருத்திவிடாதீர்கள். அளவுநாடாவை எடுங்கள்.

இந்த அளவுகள் இன்றைய சம இடைவெளிச் சுருதிக்கு உரியவை. இத்தாலிய லூட் கலைஞர் வின்சென்சோ கலிலேய் 1581இல் வெளியிட்ட நூலில் 18க்கு 17 என்ற விகிதத்தை எடுத்துரைத்தார்: மீதமுள்ள நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு தள்ளி அடுத்த மெட்டு. அப்படிப் போட்டால் அதே 60 செ.மீ. லூட்டில் 12ஆம் மெட்டு 29.8 செ.மீட்டரில் விழும், நடுவுக்கு 2 மி.மீ. முன்னால். கணக்குப்படி சுரம் கொஞ்சம் தாழ்வு. தந்தியை அமுக்கும்போது இழுவிசை கூடிச் சுரம் ஏறுவதால் நடைமுறையில் அந்தத் தாழ்வு ஓரளவு ஈடாகிவிடுகிறது. அழகான ஏற்பாடு.

இனி இத்தாலிய முறை. இங்கே எழுத்து இல்லை, எண்கள். திறந்த தந்தி 0, பிறகு 1 முதல் 9 வரை. 10 என்று இரண்டு இலக்கமாக எழுதினால் 1ஆம் மெட்டு, அடுத்துத் திறந்த தந்தி என்று படித்துவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் 10க்கு ரோமானிய எண்ணான ‘எக்ஸ்’. வெனிஸில் பெத்ருச்சி 1507இல் ஸ்பினாச்சினோவின் லூட் நூல்களை அச்சிட்டார்; அந்த வரிசை நூல்களின் முன்விதிகளில் இது தெளிவாக இருக்கிறது: வெறும் ‘எக்ஸ்’ 10, தலையில் ஒரு புள்ளி வைத்த ‘எக்ஸ்’ 11, இரண்டு புள்ளி வைத்தது 12. மேல் ஸ்தாயிப் புள்ளிக்குப் பழகிய கண்கள் இங்கே இரண்டு தடவை விழித்துப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளி என்றால் ஒரு மெட்டு கூடுதல், அவ்வளவே.

அதே நூல்களில் எண்ணுக்குக் கீழேயும் புள்ளி வரும். அது வலக்கை ஆள்காட்டி விரலால் மேல்நோக்கி மீட்டச் சொல்லும் குறி. ஆக புள்ளி எக்ஸின் தலையில் இருக்கிறதா, காலடியில் இருக்கிறதா என்பது நி2வா நி3வா என்பதைத் தீர்மானிக்கும். ஜெர்மானிய நூல்களிலோ, உதாரணமாக ஹான்ஸ் நியூசிட்லரின் 1536ஆம் ஆண்டு நூலில், புள்ளிகள் இடக்கை விரல்களைக் காட்ட வருகின்றன. ஒரு நூலின் புள்ளிப் பழக்கத்தை இன்னொரு நூலுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. ஆங்கிலேயக் கையெழுத்துப் படிகளில் எழுத்துக்குப் பக்கத்தில் ஒட்டிய சின்னச் சிலுவைக்குறி கமகம் போன்ற அலங்காரத்துக்கு உரியது. எழுத்து முறையில் எழுதிய பக்கத்தில் எக்ஸை 10 என்று படிக்க இடமே இல்லை. ஆனாலும் இத்தாலியப் பக்கங்களில் ஊறியவர்கள் படித்துவிடுகிறார்கள்.

புள்ளி என்றதும் ஸ்கேன் படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பழைய நகல்கள் பலவும் கறுப்பு–வெள்ளையாக மட்டும் எடுக்கப்பட்டவை. சாம்பல் நிறமே இல்லாத அத்தகைய படத்தில் மங்கிய புள்ளி வெள்ளையாகப் போய்விடும், தூசி கறுப்பாகப் பதிந்துவிடும். வித்தியாசம் 1 அல்லது 2 மெட்டு, இத்தாலியப் பக்கம், எக்ஸ் உள்ள இடம் என்றால் நூலகங்களின் வண்ண நகல் கிடைக்கிறதா என்று பாருங்கள். எம்ஆர்டி ரயிலில் போகும்போது கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்து எடுத்த முடிவுகளை வீட்டுத் திரையில் இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

இத்தாலியப் பக்கத்தில் கோடுகள் தலைகீழ். அடிக்கோடுதான் 1ஆம் தந்தி. லூட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தால் தந்திகள் எப்படித் தெரியுமோ அப்படி. பிரெஞ்சு முறையிலிருந்து வருகிறவர்கள் மேல்மெட்டு எண்கள் எல்லாம் பாஸ் தந்தியில் குவிந்திருப்பதாக நினைத்தால், பக்கத்தைத் தலைகீழாகப் படிக்கிறார்கள் என்று பொருள். எதற்கும் விலக்கு உண்டு. 1536இல் வலென்சியாவில் வெளிவந்த லூயிஸ் மிலானின் விஹுவேலா (லூட்டை ஒத்த ஸ்பானியத் தந்திக்கருவி) நூலில் மேல்கோடே 1ஆம் தந்தி. அதே 1536இல் நேப்பிள்ஸில் அச்சான பிரான்செஸ்கோ தா மிலானோவின் நூலிலும் மேல்கோடு 1ஆம் தந்தி; அத்தோடு திறந்த தந்திக்கு 0 இல்லை, 1. அங்கே எல்லா எண்ணிலும் ஒன்றைக் கழிக்க வேண்டும். 8 என்றால் 7ஆம் மெட்டு. பூஜ்யமே இல்லாத எண் டேப்லேச்சர் கையில் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். இங்கும் வித்தியாசம் 1தான். ஆனால் ‘ஜே’ பிழைபோல மேலே மட்டும் விரிசல் விடாது. பக்கம் முழுவதும் ஒரே சீராக ஏறி நிற்கும், திறந்த தந்தியே வராது. திறந்த தந்தி இல்லாமல் ஒரு முழு உருப்படி எழுதுகிறவர் யார்?

பிற்கால இத்தாலிய நூல்களில் இன்னொரு சிக்கல். தியோர்போ (நீண்ட கழுத்துள்ள பெரிய லூட் வகை), பல தந்தி லூட் ஆகியவற்றின் கூடுதல் பாஸ் தந்திகளை ஆறு கோடுகளுக்கு மேலே 8, 9, எக்ஸ், 11 என்று எழுதுவார்கள். அந்த எக்ஸ் 10ஆம் மெட்டு அல்ல, திறந்தபடி மீட்ட வேண்டிய 10ஆம் தந்தி. கோட்டின் மேல் குத்தியிருந்தால் மெட்டு, கோடுகளை விட்டு வெளியே நின்றால் தந்தி. இதைத் தவறவிட்டால் பாஸ் சுரம் உச்சிக்குப் போய்விடும். காதே கண்டுபிடித்துவிடும் என்பதால் இது அவ்வளவு ஆபத்தில்லை.

ஜெர்மானிய முறைக்குப் பயப்படாதவர் இல்லை. கோடே கிடையாது. ஒவ்வொரு தந்தியும் ஒவ்வொரு மெட்டும் சந்திக்கும் புள்ளிக்குத் தனித்தனிக் குறி. ஐந்து தந்திக் காலத்தில் உருவான முறை இது. குருடரான கொன்ராட் பவுமன் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படுவதை ஜெர்மானிய இசை நூலாசிரியர் விர்டுங் 1511இல் எழுதினார். திறந்த தந்திகள் 1 முதல் 5 வரை. தடித்த 5ஆம் தந்தி ‘1’, மெல்லிய 1ஆம் தந்தி ‘5’. அதன்பின் 1ஆம் மெட்டில் குறுக்காக ஐந்து எழுத்துகள், 2ஆம் மெட்டில் அடுத்த ஐந்து என்று போகும். அன்றைய அகரவரிசையில் 23 எழுத்துகள். 5 மெட்டுக்கு 25 வேண்டும். போதாத இரண்டுக்கு லத்தீன் சுருக்கக் குறிகள் இரண்டைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒன்று 7 போலவும் மற்றது 9 போலவும் தெரியும். அவற்றை 7ஆம், 9ஆம் மெட்டு என்று படித்து ஏமாந்தவர்கள் உண்டு. இரண்டும் 5ஆம் மெட்டு, முறையே 2ஆம், 1ஆம் தந்தி.

தமிழில் எழுதினால் இந்த வரிசையில் இரண்டு ‘பி’, இரண்டு ‘டி’ வந்து நிற்கும் என்பதால் எண்ணாகவே சொல்கிறேன். எழுத்து வரிசையில் எத்தனையாவது என்று பாருங்கள் (‘ஜே’ கிடையாது, ‘யூ’வும் ‘வி’யும் ஒன்று, ‘டபிள்யூ’ கிடையாது). அந்த எண்ணை 5ஆல் வகுங்கள். மீதி 1 என்றால் 5ஆம் தந்தி, 2 என்றால் 4ஆம் தந்தி, 3 என்றால் 3, 4 என்றால் 2, மீதியில்லை என்றால் 1ஆம் தந்தி. மீதியில்லாவிட்டால் ஈவுதான் மெட்டு; மீதி இருந்தால் ஈவோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். ‘கே’ பத்தாவது எழுத்து: 1ஆம் தந்தி, 2ஆம் மெட்டு. ‘வி’ இருபதாவது: 1ஆம் தந்தி, 4ஆம் மெட்டு.

6ஆம் மெட்டிலிருந்து எழுத்துகள் தீர்ந்துவிடும். அதனால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கி, எழுத்தை இரட்டிப்பார்கள் அல்லது தலைக்கு மேல் ஒரு சிறு கோடு இழுப்பார்கள். வழி எதுவானாலும் கணக்கு ஒன்றே: கிடைத்த மெட்டோடு 5ஐக் கூட்டுங்கள். இரட்டை ‘கே’ 7ஆம் மெட்டு, ப. இரட்டை ‘வி’ 9ஆம் மெட்டு, த2. நெருக்கி அச்சானால் ‘டபிள்யூ’ போலவே தெரியும், அந்த எழுத்து வரிசையிலேயே இல்லை என்பதை நினைவில் வைத்தால் போதும். தலைக்கோடு மங்கினால் சுரம் 5 மெட்டு இறங்கிவிடும், ப வர வேண்டிய இடத்தில் ரி2. பிரெஞ்சுப் பக்கத்தில் 5 மெட்டு வித்தியாசம் என்றால் கோடு மாறியது. ஜெர்மானியப் பக்கத்தில் தலைக்கோடு போய்விட்டது. தடித்த 6ஆம் தந்தி பிறகு வந்து சேர்ந்ததால் அதன் குறிகள் ஆளுக்கு ஆள் மாறும். நூலின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் அதில் கைவைக்க வேண்டாம்.

மற்ற இரண்டு முறைகளிலும் இல்லாத ஒரு சோதனை இங்கே இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு கூட்டொலியின் குறிகள் எல்லாவற்றையும் தந்தியாக மாற்றி எழுதுங்கள். ஒரே தந்தி இரண்டு தடவை வந்தால் அவற்றில் ஒன்று தவறாகப் படிக்கப்பட்டது. ஒரு தந்தியில் ஒரே நேரத்தில் இரண்டு சுரம் வராது. கோடு போட்ட முறைகளில் கண்ணே இதைப் பார்த்துக்கொள்ளும். இங்கே தாளில் கணக்குப் போட்டாக வேண்டும். ஃபுரோனிமோ போன்ற மென்பொருளில் மூன்று முறைகளுக்கும் இடையே மாற்ற முடியும். ஆனால் குறியைத் தவறாகத் தட்டச்சு செய்தால் அது தவற்றைச் சுத்தமாக மாற்றித் தரும்.

எழுத்தும் சரி, கோடும் சரி, ஆனாலும் ‘எல்’லா ‘எம்’மா, நி2வா நி3வா என்று இழுபறி வந்தால் ஓட்டத்தின் திசையைப் பாருங்கள். முடிப்பில் மேல் சவை நோக்கி ஏறும்போது நி3 எடுப்பதும், இறங்கும்போது நி2வுக்குத் திரும்புவதும் அந்தக் கால வழக்கம். பாட்டுக்காரர்களின் தாளில் இதை எழுதாமலே விட்டுவிடுவார்கள். பாடுகிறவர் அறிந்துகொள்ள வேண்டியதுதான். டேப்லேச்சர் மெட்டைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதால் அதை ஒளிக்க முடியாது. ‘எம்’ ஒரு இடத்திலும் ‘எல்’ அடுத்த இடத்திலும் வருவதைப் பார்த்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிற பதிப்பாசிரியர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

இத்தனை மெட்டுகளும் கருவியில் உண்மையிலேயே இருந்தனவா? கழுத்தில் கட்டிய குடல்நரம்பு மெட்டுகள் 8 அளவில் நின்றுவிடும். அதற்கு மேல் மேற்பலகை தொடங்கிவிடுவதால் நரம்பைச் சுற்றிக் கட்ட வழியில்லை. 1610இல் மகன் ராபர்ட் வெளியிட்ட நூலில் ஆங்கிலேய லூட் கலைஞர் ஜான் டவுலண்ட் எழுதிய குறிப்பு இதைப் பேசுகிறது. மத்தாயஸ் மேசன் என்ற லூட் கலைஞர் மரத்தாலான மூன்று மெட்டுகளை மேற்பலகையில் ஒட்டும் முறையைக் கண்டுபிடித்ததாகத் தமக்குச் சொல்லப்பட்டது என்கிறார். சில ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர்கள் கழுத்தையே நீட்டி இரண்டு மெட்டு கூட்டினார்கள், விரும்பி வாங்கப்படும் லூட்டுகள் எல்லாம் 10 மெட்டு கொண்டவை என்றும் எழுதுகிறார். எனவே பழைய நூலில் ‘என்’ வந்தால் மெட்டே இல்லாத வெறும் மேற்பலகையில் விரலை அமுக்கி வாசித்திருக்கவும் கூடும். ஒலி மங்கலாக இருக்கும். அதற்காகக் குறியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் லூட் வைத்திருப்பவர்களைவிட, பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் கடைகளில் வாங்கிய கிளாசிக்கல் கிட்டாரில் லூட் உருப்படிகளை வாசிக்கிறவர்களே அதிகம் இருப்பார்கள். கிட்டாரின் 3ஆம் தந்தியை அரைச்சுரம் இறக்கினால் இடைவெளிகள் லூட்டோடு ஒத்துப்போகும், பிரெஞ்சு எழுத்துகளை அப்படியே படிக்கலாம். லூட்டின் சுருதியும் வேண்டும் என்று 3ஆம் மெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒரே மெட்டில் அமுக்கும் பிடி) போட்டால்தான் மேல்மெட்டுகள் பழிவாங்கும். ‘கே’ கிட்டாரின் 12ஆம் மெட்டில், கழுத்து உடலைச் சேரும் இடத்தில் விழும். ‘எல்’ 13, ‘என்’ 15. உடம்பின் மேல் கையை ஏற்ற வேண்டியிருக்கும். ‘கே’க்கு மேல் அடிக்கடி போகும் உருப்படி என்றால் கேப்போவை எடுத்துவிடுங்கள். மூன்று அரைச்சுரம் தாழ்ந்து ஒலிப்பதால் யாருக்கும் நட்டமில்லை. ஜான் ஜான்சன் எழுதியது போன்ற இரட்டை லூட் உருப்படிகளில் ஒரு லூட் மேலேயே பறந்துகொண்டிருக்கும். அங்கே இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தால்தான் உண்டு.

லூட் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஊரின் ஈரக்காற்றைப் பற்றி. ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் ஈரப்பதத்தில் மேற்பலகை உப்பும், தந்திகள் உயரும். உயர்வு முதலில் உறைப்பது மேல்மெட்டுகளில்தான். அமுக்கும் தூரம் கூடுவதால் ‘கே’, ‘எல்’ எல்லாம் சுருதி ஏறி ஒலிக்கும். குறியைச் சரியாகப் படித்தும் அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பிசகுகிறது என்றால் பிழை தாளில் இல்லை. 12ஆம் மெட்டில் விரலை லேசாகத் தொட்டு வரும் நாதத்தையும், அதே மெட்டில் அமுக்கி வரும் சுரத்தையும் சுருதிமானியில் ஒப்பிடுங்கள். அமுக்கியது ஏறி இருந்தால், ஒட்டிய மெட்டை மேல்தாங்கிப் பக்கம் ஒரு நூலிழை நகர்த்த வேண்டும். புதிதாக ஒட்டுகிறவர்கள் மர மெட்டை, கடைசி நரம்பு மெட்டைவிடச் சற்றுத் தாழ்வாக இழைத்துக்கொள்ளுங்கள்; உயர்ந்தால் 8ஆம் மெட்டில் அமுக்கிய தந்தி அதில் மோதி இரையும். சாத்தே குச்சியின் மூங்கிலே இதற்குப் போதுமான கடினம் கொண்டது. இடம் பார்க்க இரட்டைப் பக்க ஒட்டுநாடாவைப் பயன்படுத்தாதீர்கள். மெருகு பூசாத மேற்பலகையின் நாரையே அது பிய்த்துக்கொண்டு வரும். குச்சியைத் தந்திக்கு அடியில் ஒட்டாமல் வைத்து, மேலேயிருந்து தந்தியை அமுக்கிப் பார்த்து, பென்சிலால் மெல்லிய குறி வைத்தபின் ஒரு சொட்டு விலங்குப் பசை. வீவக அடுக்குமாடி வீட்டில் பகலில் சன்னல் திறந்தும் இரவில் ஏர்கான் ஓடியும் இருந்தால் அந்தப் பசை எப்படியும் சில மாதங்களில் விட்டுக்கொடுக்கும். மெட்டு உதிர்ந்தால் பென்சில் குறி இருக்கிறது, மறுபடி ஒட்டலாம்.